விற்காத பங்குக்கு வரி உண்டா?

பெருஞ்செல்வந்தர்கள் மீதான வரியைப் பற்றி முன்பு ஒரு வாசகருக்குப் பதில் எழுதியபோது, வருமான வரி விகிதத்தை உயர்த்துவதால் மட்டும் அவர்களிடமிருந்து நியாயமான வரியைப் பெற்றுவிட முடியாது என்று ஒரு வரியில் சொல்லி நிறுத்தியிருந்தேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு விளக்கம் கேட்டும், மறுப்புத் தெரிவித்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு, அவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் மாதச் சம்பளக்காரன். கோடிகளில் வருமானம் உள்ளவர்கள் 39 சதவீதம் வரை வருமான வரி கட்டுகிறார்கள். நான் அவ்வளவு கட்டுவதில்லை. அப்படியிருக்க, பணக்காரர்கள் குறைவாக வரி கட்டுகிறார்கள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பதில்: இந்த வாசகர் தம் சம்பளச் சீட்டின் நகலையும் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறார். பதிலை அந்தச் சீட்டிலிருந்தே தொடங்கலாம். அதன் வலப்பக்கப் பத்தியில், வருங்கால வைப்பு நிதிக்கு அடுத்த வரியில், டி.டி.எஸ். என்று ஒரு தொகை இருக்கிறது. சம்பளம் அவருடைய வங்கிக் கணக்குக்கு வந்து சேருமுன்பே பிடிக்கப்பட்டுவிட்ட வரி அது. அவர் கட்டலாமா, தள்ளிப்போடலாமா, வேறு வழி உண்டா என்று யோசிக்கும் வாய்ப்பே அவருக்கு இல்லை. அவருடைய உழைப்பின் பலன் முழுவதும் 'வருமானம்' என்ற ஒரே பெயரில், ஒரே சீட்டில், மாதந்தோறும் அரசாங்கத்தின் கண்ணுக்குத் தெரிகிறது.

இனி, ஒரு நிறுவனத்தில் 10,000 கோடி ரூபாய் மதிப்புள்ள பங்குகளை வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஓராண்டில் அந்தப் பங்குகளின் விலை 12 சதவீதம் உயர்கிறது; நிறுவனம் அவற்றின் மதிப்பில் அரை சதவீதத்தை ஈவுத்தொகையாகக் கொடுக்கிறது. அந்த ஆண்டில் அவருடைய செல்வம் 1,250 கோடி கூடியிருக்கிறது. ஆனால் வருமான வரிச் சட்டத்தின் பார்வையில் அவருடைய வருமானம் 50 கோடி மட்டுமே, ஏனென்றால் விலையேற்றத்தால் வந்த 1,200 கோடியும் பங்கை விற்கும்வரை வருமானமாகக் கருதப்படுவதில்லை. ஈவுத்தொகைக்குக் கூடுதல் வரியும் (சர்சார்ஜ்) செஸ்ஸும் சேர்த்து ஏறக்குறைய 18 கோடி கட்டுவார். செல்வத்தில் கூடியது 1,250 கோடி, வரி 18 கோடி என்றால், அது நூற்றுக்கு ஒன்றரை ரூபாய்க்கும் குறைவு. இதில் அவர் ஒரு பைசாகூட ஏய்க்கவில்லை. சட்டப்படி கட்ட வேண்டியதை முழுமையாகக் கட்டியிருக்கிறார்.

இது நான் போட்ட கணக்கு. உண்மையான கணக்கு ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவின் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம், அந்நாட்டின் முதல் 25 செல்வந்தர்களின் வரிக் கணக்குகளை ஆராய்ந்து 2021ஆம் ஆண்டு வெளியிட்டது. 2014 முதல் 2018 வரை அவர்களுடைய செல்வம் 40,100 கோடி டாலர் கூடியிருந்தது; அதே காலத்தில் அவர்கள் செலுத்திய கூட்டாட்சி வருமான வரி 1,360 கோடி டாலர், அதாவது கூடிய செல்வத்தில் 3.4 சதவீதம். ஐரோப்பிய ஒன்றிய வரி ஆய்வகம் 2023இல் வெளியிட்ட அறிக்கையும், உலகின் நூறு கோடி டாலர் செல்வந்தர்கள் கட்டும் வரி அவர்களுடைய செல்வத்தில் 0 முதல் 0.5 சதவீதம் என்ற அளவிலேயே நிற்கிறது என்று கணித்தது.

பங்கை விற்றால்தான் என்ன? நம் நாட்டில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த, சந்தையில் பட்டியலிடப்பட்ட பங்கின் இலாபத்துக்கு 12.5 சதவீதம்தான் வரி. கூடுதல் வரியையும் செஸ்ஸையும் உச்ச அளவில் சேர்த்தாலும் 15 சதவீதத்தைத் தாண்டாது. ஆண்டுக்கு 24 இலட்சத்துக்கு மேல் சம்பளம் பெறும் ஒரு மருத்துவரோ பொறியாளரோ அதற்கு மேல் ஈட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் 30 சதவீதம் கட்டுகிறார். நீங்கள் குறிப்பிடும் 39 சதவீதம் உண்மைதான்; அதைக் கட்டுபவர்கள் பெரும்பாலும் மிக உயர்ந்த சம்பளமும் தொழில் வருமானமும் உடையவர்கள். உச்சாணியில் இருப்பவர்களின் செல்வம் சம்பளமாக வருவதில்லை என்பதால், அந்த விகிதத்தை 39இலிருந்து 50 ஆக்கினாலும் அவர்களில் பலருக்கு அது பெரிதாக உறைக்காது.

கேள்வி: பங்கை விற்காமல் அவர்கள் மாளிகை கட்டுவதும் விமானம் வாங்குவதும் எப்படி?

பதில்: கடன் வாங்கித்தான். பங்குகளை வங்கியில் அடமானம் வைத்துப் பெறும் கடன் வருமானம் ஆகாது. ஆகவே அதற்கு வரி இல்லை. பங்கின் மதிப்பு வட்டியைவிட வேகமாக வளரும்வரை, பழைய கடனைப் புதிய கடனால் அடைத்துக்கொண்டே போகலாம். அமெரிக்காவில் இந்த ஏற்பாடு முழுமை பெறுவது மரணத்தில். அங்கே ஒருவர் இறந்ததும், வாரிசு அந்தப் பங்கை அன்றைய சந்தை விலைக்கே வாங்கியதாகச் சட்டம் கருதிக்கொள்கிறது. தந்தை 1 டாலருக்குப் பெற்ற பங்கு 1,000 டாலர் ஆகியிருந்தால், இடையில் கிடைத்த 999 டாலர் இலாபம் வருமான வரிக் கணக்கிலிருந்து என்றென்றைக்குமாக மறைந்துவிடுகிறது. இந்தியச் சட்டம் இந்த ஒரு விஷயத்தில் மேலானது. தந்தை வாங்கிய விலையே பிள்ளைக்கும் வாங்கிய விலையாகக் கொள்ளப்படுவதால், என்றாவது விற்கும்போது வரி வந்துதான் ஆக வேண்டும். ஆனால் அந்த 'என்றாவது' எப்போது என்பதைத் தலைமுறை தலைமுறையாகத் தள்ளிப்போடும் உரிமை செல்வந்தரிடமே இருக்கிறது.

கேள்வி: இந்தியாவில் முன்பு செல்வ வரியும் மரபுரிமை வரியும் இருந்தனவே? அவை தோற்றுப்போனதால்தானே நீக்கினார்கள்? தோற்ற மருந்தை ஏன் மறுபடியும் கேட்கிறீர்கள்?

பதில்: இருந்தன, நீக்கினார்கள், வசூல் சொற்பம் என்பதும் உண்மை. ஆனால் அவை ஏன் தோற்றன என்பதைப் பார்க்காமல் தோற்றதை மட்டும் சொல்வது பாதிக் கதைதான் என்பதால், இதற்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல அனுமதியுங்கள். அதற்கு முன் ஒரு சொல் விளக்கம்: 'சொத்து வரி' என்றாலே நாம் மாநகராட்சிக்குக் கட்டும் வீட்டு வரியை நினைத்துக்கொள்வோம். இங்கே பேசப்படுவது அது அன்று. ஒருவரின் மொத்தச் செல்வத்திலிருந்து கடன்களைக் கழித்து, மிஞ்சியதன் மீது போடப்படும் செல்வ வரி.

இறந்தவரின் சொத்து மீதான மரபுரிமை வரி 1953இல் வந்தது. கேம்பிரிட்ஜ் பொருளியலறிஞர் நிக்கோலஸ் கால்டர் 1956இல் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்த 1957இல் செல்வ வரியும் செலவு வரியும் வந்தன. அடுத்த ஆண்டு அன்பளிப்பு வரி. கால்டரின் திட்டம் ஒன்றோடொன்று பின்னிய ஒரு வலை: வருமானத்தை மறைத்தால் செல்வத்தில் தெரியும், செல்வத்தைப் பிள்ளைக்குக் கொடுத்தால் அன்பளிப்பில் தெரியும், அனுபவித்துத் தீர்த்தால் செலவில் தெரியும். அப்படி எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டு, அதற்கு ஈடாக வருமான வரியின் உச்ச விகிதத்தைக் கணிசமாகக் குறைத்துக்கொள்ளச் சொன்னார். நாம் என்ன செய்தோம்? புதிய வரிகளை ஓட்டை உடைசலோடு ஏற்றுக்கொண்டு, விகிதத்தையோ மேலே மேலே ஏற்றினோம். செலவு வரி 1962இல் போய், 1964இல் திரும்பி, 1966இல் மீண்டும் போனது. வருமான வரியின் உச்ச விகிதம் 1973-74இல் 97.75 சதவீதத்தைத் தொட்டது. செல்வ வரியையும் சேர்த்தால் சிலருக்கு வரித்தொகை வருமானத்தையே மிஞ்சும். நேர்மையாகக் கணக்குக் காட்டுபவனை முட்டாளாக்கும் விகிதம் அது. ஏய்ப்புக்கு இந்த உயர்ந்த விகிதங்களே முதல் காரணம் என்று, வரி ஏய்ப்பை ஆராய அரசு அமைத்த வாஞ்சு குழு சொன்ன பிறகுதான் 77 சதவீதத்துக்கு இறங்கினார்கள்.

மரபுரிமை வரியை 1985இல் நிதியமைச்சராக இருந்த வி.பி. சிங் நீக்கினார். செல்வ வரி மட்டும் பெயரளவில் 2015 வரை உயிரோடிருந்தது. பெயரளவில் என்று நான் சொல்வதற்குக் காரணம், 1993 முதல் அந்தச் சட்டத்தில் 'சொத்து' என்ற சொல்லுக்கு இருந்த பொருள்தான். குடியிருப்பு வீடு, கார், நகை, தங்கம் வெள்ளிப் பாத்திரம், படகு, விமானம், நகர்ப்புறக் காலிமனை, கையிருப்பில் 50,000 ரூபாய்க்கு மேல் உள்ள ரொக்கம் என்று அந்தப் பட்டியல் போகும். ஒரு வீட்டுக்கு விலக்கு உண்டு என்பது போன்ற சலுகைகளும் உண்டு. அதில் எவ்வளவு தேடினாலும் நிறுவனப் பங்குகள் இருக்காது. வரிச் சீர்திருத்தத்துக்கான ராஜா செல்லையா குழுவின் பரிந்துரையின்படி, தொழிலில் ஈடுபடுத்தப்பட்டிருக்கும் முதலீட்டுக்கு வரி போடக் கூடாது என்ற எண்ணத்தில் அவற்றை விலக்கிவிட்டிருந்தார்கள். அதன் விளைவு, லாக்கரில் இருக்கும் நகையைப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் காட்டிச் சான்றிதழ் வாங்கிக் கணக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான கோடிக்குப் பங்கு வைத்திருந்தவருக்கு அந்தப் பங்கைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டியிருக்கவில்லை. நகைக்குத் தினமும் ஒரு விலை சொல்வார்கள் என்றால், பங்குக்குச் சந்தை நடக்கும் ஒவ்வொரு நொடியும் விலை திரையில் ஓடுகிறது. மதிப்பிட எளியதை விட்டுவிட்டு, மதிப்பிடக் கடினமானதைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

இந்த வரி 2013-14இல் ஈட்டியது 1,008 கோடி ரூபாய். அந்த ஆண்டின் மொத்த நேரடி வரி வசூல் ஆறு இலட்சம் கோடிக்கும் மேல். வசூலிக்கும் செலவு அதிகம், வரவு குறைவு என்ற காரணத்தைச் சொல்லி நிதியமைச்சர் அருண் ஜேட்லி 2015 பட்ஜெட்டில் அதை நீக்கி, ஒரு கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்குக் கூடுதலாக 2 சதவீத சர்சார்ஜ் விதித்தார். அதனால் 9,000 கோடி கிடைக்கும் என்றார். கணக்கு அளவில் அது சரியான முடிவு. ஆனால் செல்வத்தின் மீது இருந்த பார்வையை எடுத்து, மறுபடியும் வருமானத்தின் மீதே வைத்த முடிவு அது. செல்வந்தர்களின் முக்கியமான செல்வத்துக்கு விலக்கு அளித்த ஒரு வரி வசூலாகவில்லை என்பதிலிருந்து, விலக்கு இல்லாத வரியும் வசூலாகாது என்ற முடிவுக்கு என்னால் வர முடியவில்லை.

கேள்வி: விற்காத பங்குக்கு வரி கேட்டால், அந்தப் பணத்துக்கு அவர் எங்கே போவார்? இது அநியாயம் இல்லையா?

பதில்: உங்கள் வீட்டை நீங்கள் விற்கவில்லை, அது உங்களுக்கு ஒரு ரூபாய் வருமானம் தரவும் இல்லை, இருந்தும் ஆண்டுதோறும் வீட்டு வரி கட்டுகிறீர்கள். அதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. கையில் ரொக்கம் இல்லாதவருக்குத் தவணை கொடுக்கலாம், பங்காகவே பெற்றுக்கொள்ளலாம். தென் கொரியாவில் மரபுரிமை வரியின் உச்ச விகிதம் 50 சதவீதம். சாம்சங் தலைவர் லீ குன்-ஹீ 2020இல் இறந்தபோது அவருடைய குடும்பத்துக்கு விதிக்கப்பட்ட வரி 12 இலட்சம் கோடி வோனுக்கும் மேல். ஐந்தாண்டுகளில் ஆறு தவணைகளாகக் கட்ட ஏற்பாடு செய்துகொண்டார்கள். நிறுவனத்தின் கட்டுப்பாடும் அந்தக் குடும்பத்தைவிட்டுப் போய்விடவில்லை.

கேள்வி: வரி போட்டால் எல்லாரும் துபாய்க்கும் ஸ்விட்சர்லாந்துக்கும் போய்விடுவார்கள். பிறகு இருக்கும் வரியும் போகும், வேலைவாய்ப்பும் போகும். நார்வேயில் நடந்ததை நீங்கள் படிக்கவில்லையா?

பதில்: படித்தேன். இந்த அச்சத்தை நான் இலேசாகத் தள்ளிவிடவும் மாட்டேன். 1990இல் பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓ.ஈ.சி.டி.யில் 12 நாடுகளில் செல்வ வரி இருந்தது. 2017இல் நான்கு நாடுகளில்தான் எஞ்சியிருந்தது. நீக்கிய நாடுகள் சொன்ன காரணங்களில் மூலதன ஓட்டமும் ஒன்று. நார்வே 1892 முதல் செல்வ வரி வாங்கிவரும் நாடு. 2022இல் உச்ச விகிதத்தை 1.1 சதவீதமாக உயர்த்தியதும், அந்நாட்டின் பெருஞ்செல்வந்தர்கள் சிலர் ஸ்விட்சர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார்கள். இது உண்மை.

ஆனால் அவர்கள் போய்ச் சேர்ந்த ஸ்விட்சர்லாந்திலும் செல்வ வரி உண்டு என்பதைப் பலர் சொல்வதில்லை. அங்கே ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுதோறும் அதை வாங்குகிறது; பங்கு விற்ற இலாபத்துக்குத் தனிநபர்களிடம் பொதுவாக வரி கேட்பதில்லை என்பதுதான் ஈர்ப்பு. ஆகவே செல்வந்தர்கள் ஓடுவது செல்வ வரியைக் கண்டு மட்டும் இல்லை. அவர்களுடைய மொத்த வரிச் சுமை எங்கே குறைகிறது என்று பார்த்து இடம் மாறுகிறார்கள். ஆள் போனாலும் ஆலை போவதில்லை என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். உரிமையாளர் விமானம் ஏறியதால் அவருடைய கப்பல் கட்டும் தளமோ மென்பொருள் நிறுவனமோ பெட்டியில் அடைத்துக்கொண்டு போகப்படுவதில்லை. நார்வே 2024இல் வெளியேறும் வரியை இறுக்கியது. நாட்டில் இருந்தபோது வளர்ந்த பங்கு மதிப்புக்கு உரிய வரியை, போனவர் 12 ஆண்டுகளுக்குள் தீர்த்தாக வேண்டும். 2025 செப்டம்பர் தேர்தலில் செல்வ வரிதான் பெரிய விவாதமாக இருந்தது. அதைத் தக்கவைப்பதாகச் சொன்ன தொழிலாளர் கட்சியே மீண்டும் ஆட்சிக்கு வந்தது. அமெரிக்கா இன்னும் ஒரு படி மேலே போய், குடிமகன் உலகில் எங்கே வசித்தாலும் அவனிடம் வரி கேட்கிறது.

வெளிநாட்டு வங்கிக் கணக்கை மறைப்பதும் முன்போல் எளிதில்லை. 2017 முதல் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளும் ஆட்சிப் பகுதிகளும் கணக்கு விவரங்களைத் தாமாகவே பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டுக்குள் வந்திருக்கின்றன. நிலமும் வீடும் இன்னும் பெரும்பாலும் அந்த வலைக்கு வெளியே இருக்கின்றன. பணம் அங்கே ஒதுங்குகிறது. அடைக்க வேண்டிய ஓட்டை அது. ஓட்டை இருப்பதால் வலையே வேண்டாம் என்று சொல்ல நான் தயாராக இல்லை.

கேள்வி: என் அம்மாவின் நகைக்கும் நான் இருக்கும் வீட்டுக்கும் வரி வருமா?

பதில்: நான் ஆதரிக்கும் வடிவத்தில் வராது. பிரான்சில் விவாதிக்கப்பட்ட இத்தகைய செல்வ வரித் திட்டத்தில், 10 கோடி யூரோவுக்கு மேல் செல்வம் உள்ளவர்களுக்கே வரி. அந்நாட்டில் ஏறக்குறைய 1,800 குடும்பங்களே அதற்குள் வரும். பழைய இந்தியச் செல்வ வரி, நீக்கப்பட்டபோதும் 30 இலட்சத்திலேயே தொடங்கியது. அதுவும் அது செய்த தவறுகளில் ஒன்று.

கேள்வி: ஓட்டுப் போடுபவர்களில் நூற்றுக்கு 99 பேர் இந்த வரிக்கு வெளியே இருப்பவர்கள். அப்படியும் ஏன் எந்த அரசும் துணிவதில்லை?

பதில்: இந்தக் கேள்வி என்னை நெடுநாளாக உறுத்துவது. பணம் அரசியலை வாங்குகிறது என்பது எளிய பதில். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் அது மட்டும் என்றால், ஸ்விட்சர்லாந்தில் 2025 நவம்பர் 30 அன்று நடந்ததை விளக்க முடியாது. 5 கோடி ஃபிராங்குக்கு மேற்பட்ட மரபுரிமைச் சொத்துக்கு 50 சதவீத வரி வேண்டுமா என்று மக்களிடமே நேரடியாகக் கேட்டார்கள். 78 சதவீதத்தினர் வேண்டாம் என்றார்கள். அந்த வரம்பைத் தங்கள் வாழ்நாளில் எட்டவே போகாதவர்கள் அளித்த வாக்குகள் அவை. செல்வந்தர்கள் வெளியேறினால் அவர்கள் கட்டிவந்த வரியைத் தாங்கள் கட்ட நேரிடும் என்ற கணக்கு ஒரு பக்கம். பெற்றோர் சேர்த்ததைப் பிள்ளைக்கு விட்டுச்செல்வதில் அரசு கைவைக்கக் கூடாது என்ற ஆழமான உணர்ச்சி மறுபக்கம். அந்த உணர்ச்சியை நான் மதிக்கிறேன். ஒரு வீட்டையும் கொஞ்சம் சேமிப்பையும் விட்டுச்செல்லும் தந்தைக்கு உரிய அந்த உணர்ச்சி, பல்லாயிரம் கோடிகளுக்குக் கேடயமாகப் பயன்படுத்தப்படும்போதுதான் எனக்கு வருத்தம் வருகிறது.

2024 ஏப்ரலில், நம் நாடாளுமன்றத் தேர்தல் நடந்துகொண்டிருந்தபோது, காங்கிரசின் அயலகப் பிரிவுத் தலைவராக இருந்த சாம் பித்ரோடா, அமெரிக்காவில் மரபுரிமை வரி இருப்பதைச் சொல்லி, இதுபோன்றவற்றை நாமும் விவாதிக்கலாம் என்றார். 'விவாதிக்கலாம்' என்றதற்கே ஆளும் கட்சி அதைப் பிரசாரத்தின் ஆயுதமாக்கியது. அவருடைய கட்சியோ அது அவருடைய சொந்தக் கருத்து என்று விலகிக்கொண்டது. யாருக்கு, எந்த வரம்புக்கு மேல், எவ்வளவு என்ற கேள்விகளை யாரும் எழுப்பவே இல்லை. உலக சமத்துவமின்மை ஆய்வகத்தின் கணிப்பின்படி 2022-23இல் இந்தியாவின் மொத்தச் செல்வத்தில் 40.1 சதவீதம் மேல்தட்டின் ஒரு சதவீதத்தினரிடம் இருந்தது. அப்படிப்பட்ட நாட்டில் அந்த விவாதம் வெறும் கூச்சலோடு முடிந்துபோனது.

உலக அரங்கிலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். 2024இல் ஜி20 தலைமையை ஏற்றிருந்த பிரேசிலின் வேண்டுகோளின்படி, பிரெஞ்சுப் பொருளியலறிஞர் கப்ரியேல் சுக்மன் ஒரு திட்டத்தை அளித்தார். நூறு கோடி டாலருக்கு மேல் செல்வம் உள்ள ஏறக்குறைய 3,000 பேர், எல்லா வரிகளையும் சேர்த்து, தங்கள் செல்வத்தில் குறைந்தது 2 சதவீதமாவது ஆண்டுதோறும் கட்ட வேண்டும் என்பது அதன் சாரம். ஏற்கெனவே அவ்வளவு கட்டுபவர் கூடுதலாக எதுவும் கட்ட வேண்டியதில்லை. ரியோ மாநாட்டின் அறிக்கை, பெருஞ்செல்வந்தர்கள் முறையாக வரி செலுத்துவதை உறுதிசெய்ய ஒத்துழைப்போம் என்று சொன்னதோடு நின்றது. பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் கீழவை 2025 பிப்ரவரியில் இதே போன்ற மசோதாவை ஏற்றது. ஜூனில் மேலவை நிராகரித்தது. அக்டோபரில் பட்ஜெட் விவாதத்தில் கீழவையே நிராகரித்தது. இருப்பினும், பத்தாண்டுகளுக்கு முன் ஆய்வுக் கட்டுரைகளில் மட்டும் இருந்த ஒரு யோசனை இன்று வாக்கெடுப்புவரை வந்திருப்பதை நான் சிறிய செய்தியாக எண்ணவில்லை.

கேள்வி: இந்த வரியால் வறுமை தீர்ந்துவிடுமா?

பதில்: தீராது. சுக்மனின் கணக்கின்படி உலகம் முழுவதற்கும் ஆண்டுக்கு 20,000 முதல் 25,000 கோடி டாலர் கிடைக்கும். பெரிய தொகைதான், ஆனால் எந்த அரசும் 3,000 பேரின் வரியைக் கொண்டு பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் நடத்திவிட முடியாது. நடுத்தர மக்கள் கட்டும் வரிதான் எங்கும் அடித்தளம். அதனால்தான் எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. முதல் கேள்வியைக் கேட்ட வாசகர் கேட்காமலே பிடித்துக்கொள்ளப்படும் வரியைப் பல்லாண்டுகளாக முணுமுணுக்காமல் கட்டிவருகிறார். மேலே இருப்பவர்களுக்கும் அதே சட்டம், அதே கண்டிப்போடு பொருந்துகிறது என்று அவர் நம்பினால்தான் அதைத் தொடர்ந்து மனமுவந்து கட்டுவார். அவருடைய சம்பளச் சீட்டின் நகலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதில் டி.டி.எஸ். என்ற வரிக்குக் கீழே பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.